டியூபில் சிரிக்கிற குழந்தைகள்

எல்லா டியூபிலும் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. மஞ்சள் டியூபில் இருந்தது குப்புறப் படுத்துச் சிரித்தது. நீல டப்பாவில் இருந்தது மல்லாந்து இரண்டு காலையும் தூக்கிப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரோஸ் நிற டப்பாவில் இருந்தது யாருடைய தோளிலோ கன்னத்தைச் சாய்த்து, இப்போதுதான் பால் குடித்து முடித்த மாதிரி பாதித் தூக்கத்தில் சிரித்தது. ஒன்றுக்காவது மீசை இருக்கக் கூடாதா என்று பாவாத்தாள் நினைத்தாள். ஒரே ஒரு கம்பெனிக்காரன், மீசை வைத்த, காது மடலில் முடி முளைத்த, கோபமாகப் பார்க்கிற ஒரு முகத்தை டப்பாவில் போட்டிருந்தால், இத்தனை நேரம் நின்று யோசிக்காமல் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள். அவள் மருந்து தேடுவது வெள்ளியங்கிரிக்கு. அவள் வீட்டுக்காரர். போன வருசம் வலது கையும் வலது காலும் விழுந்து, வாயும் ஒரு பக்கம் இழுத்து, கட்டிலோடு கிடக்கிறார். மூத்திரம் வருவது அவருக்குத் தெரிவதில்லை. அதனால் டயப்பர். டயப்பரால் தொடையிடுக்கெல்லாம் சிவந்து வெந்து கிடக்கிறது. தொடையிடுக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இன்னொரு சிவப்பு வந்திருக்கிறது. வாரம் ஒரு தடவை வருகிற நர்ஸம்மா சொல்லியிருக்கிறாள், சிவந்த இடத்தைப் பெருவிரலால் அமுக்கி எடுங்க, எடுத்ததும் வெளுத்துட்டு மறுபடி சிவந்தா பயமில்லை, வெளுக்காமலே இருந்தா உள்ளே புண்ணு ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், அப்புறம் குழி விழுந்துரும், எலும்பு தெரியும் என்று. எலும்பு தெரியும் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பாவாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குக் காலையில் அமுக்கிப் பார்த்தாள். வெளுத்தது. ஆனால் யோசித்து யோசித்து வெளுத்தது மாதிரி இருந்தது. யோசித்து வெளுத்தால் என்ன அர்த்தம் என்று நர்ஸம்மா சொல்லவில்லை.

கடைக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தாராபுரம் பஸ் ஸ்டாண்டின் வெயிலும் ஹாரனும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் நடக்கிறவை மாதிரி சத்தமில்லாமல் அசைந்தன. உள்ளே பவுடர் வாசம். அந்த வாசத்தை மூக்கில் இழுத்தால் தம்பி கைக்குழந்தையாக இருந்த காலம் வந்துவிடுகிறது. அஞ்சாங்கிளாஸ் பாதியில் அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தம்பி பிறந்திருந்தான், அம்மா தோட்டத்து வேலைக்குப் போக வேண்டும், தம்பியை யார் இடுப்பில் வைத்துக்கொள்வது? இடுப்பில் வைத்து வைத்து அவளுக்கு ஒரு பக்க இடுப்பு கொஞ்சம் தூக்கலாகவே நின்றுவிட்டது. இந்த வயசில் கண்ணாடியில் பார்த்தாலும் தெரியும், யாரோ அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தம்பிக்கும் இடுக்கில் வெந்து போகும். அம்மா தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்து அப்புறம்தான் அவன்மேல் வைப்பாள். துணியென்றால் பழைய சேலைத்துணி, துவைத்துத் துவைத்து நூல் எது காற்று எது என்று தெரியாத துணி. கொஞ்ச நேரம் அம்மணமாக வாசலில் விட்டுவிடுவார்கள். அவன் பாட்டுக்குக் கோழியைத் துரத்திக்கொண்டு போவான். டியூப் ஏது, டப்பா ஏது. அதற்கே ஆறிவிடும். இந்த மனுசனை அப்படி விட முடியுமா? போர்வையைக் கொஞ்சம் விலக்கினாலே இடது கையால், அது ஒன்றுதான் அவர் பேச்சைக் கேட்கிற கை, வெடுக்கென்று இழுத்து மூடிக்கொள்கிறார். நர்ஸம்மா வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பல்லைக் கடிக்கிறார். அவளும் எத்தனை பேரைப் பார்க்க வேண்டியவள். பிரஷரைப் பார்த்துவிட்டு, புண் வராமப் பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். நீல டப்பாவின் பின்பக்கத்தில் எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாக அவளுக்குத் தெரியும், சேர்ந்து நின்றால்தான் தெரியாது. ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பேசும்போது நல்லவர்களாக இருந்து, கூட்டமாகச் சேர்ந்தால் வேறாகிவிடுகிற மாதிரி.

"ஏனுங்கக்கா, மறுபடியும் வந்துட்டீங்களா? பாப்பாவுக்கு இன்னும் ஆறலீங்களா?" கல்லாவுக்குப் பின்னால் இருந்த மைதிலி கேட்டாள். அவள்தான் இந்தக் கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கிறவள், அதற்கென்று படித்தவள், வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாள், பேசும்போது பேனாவைக் காதில் செருகிக்கொள்வாள். "ஆமாங் கண்ணு, கொஞ்சம் ஆறுது, மறுபடி செவக்குது" என்றாள் பாவாத்தாள். மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, வாங்கி முடித்தும் போக மனமில்லாமல் ஏ.சி.க்கு நேராக நின்றுகொண்டிருந்தவள், "பேத்திங்களா?" என்றாள். "ஆமாங்." "மகன் வயத்துப் பேத்தியா, மக வயத்துப் பேத்தியா?" "மக வயத்துதுங்க." "யாரு சாடை?" பாவாத்தாளுக்கு நாக்கு தானாக ஓடியது. "அப்புச்சி சாடைங்க. தாத்தன அப்படியே உரிச்சு வெச்சாப்பல." பெரியம்மா சிரித்தாள். "அப்ப மூக்கு பெருசுன்னு சொல்லுங்க. பொட்டப்புள்ளைக்குக் கட்டிக்குடுக்கறப்ப அந்த மூக்குக்கு ஒரு பவுன் சேத்துப் போடோணும்." மைதிலியும் சிரித்தாள், பாவாத்தாளும் சிரித்தாள். அவளுக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை. வயிற்றில் தங்கியதே ஒரு தடவைதான், அதுவும் மூன்று மாசம். இந்தக் கடைக்கு முதல் தடவை வந்தபோது, டயப்பர் போட்டு இடுக்கில் சிவந்திருக்குது, அதுக்கு ஏதாவது குடு கண்ணு என்று கேட்டாள். மைதிலிதான், பேத்திங்களா என்றாள். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அந்த ஒரே ஆட்டலில் ஒரு மகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்து, பேறுகாலத்துக்கு வீட்டுக்குக் கூட்டியும் வந்துவிட்டாள். எத்தனை மாசமுங்க என்று மைதிலி அன்றைக்குக் கேட்டதற்கு ஒரு மாசம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதற்கப்புறம் அந்தக் குழந்தை அவளைக் கேட்காமலே வளர்ந்துகொண்டிருந்தது. இப்போது அதற்கு நாலு மாசம். குப்புற விழுகிறது.

பொய் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொந்த ஊரான அலங்கியத்திலேயே மெடிக்கல் இருக்கிறது, கடைக்காரர் வெள்ளியங்கிரிக்கு மச்சான் முறை, கேட்டால் கடனாகவே எடுத்துக் கொடுப்பார், அடுத்த நிமிசம் டீக்கடைக்கும் தெரிந்துவிடும். மைக்செட் வெள்ளியங்கிரி என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. காதுகுத்து, சீர், கும்பாபிசேகம் எதுவானாலும் அவருடைய குழாய்தான் வேப்பமரத்தில் ஏறும், அவருடைய குரல்தான் எல்லையைத் தாண்டிப் போகும். பந்தி ஆரம்பமாயிருச்சு, உறவின்முறையெல்லாம் வாங்க என்று அவர் கூப்பிட்டால் பசிக்காதவனுக்கும் பசிக்கும். வேலையில் எத்தனை ஒயரை இழுத்தாலும், மரத்தின்மேல் ஏறினாலும், வேட்டியில் ஒரு பொட்டு அழுக்குப் படாது. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, தேய்த்து, மொடமொடவென்று நிற்கிற வேட்டி. நடந்து வந்தால் ஆள் வருவதற்கு முன்னால் வேட்டிச் சத்தம் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, பஞ்சாயத்துப் போர்டு முதற்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனதும், அவள் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். வார்த்தை வரவில்லை. எச்சிலோடு எச்சிலாக ஒவ்வொன்றாக வந்தது. கை கால் போச்சுன்னு… தெரியட்டும். இது… வெளிய தெரியக்கூடாது, அம்மிணி. இது என்று எதைச் சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றையிலிருந்து டயப்பர் பெட்டி கோயமுத்தூரிலிருந்து தம்பி மகன் பேரில் பார்சலாக வருகிறது, பக்கத்து வீட்டாரிடம் துணிமணி என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பிளாஸ்டிக் உடம்பில் படுவது அவருக்கு ஆகவில்லை, திரும்பிப் படுத்தால் சரசரவென்று சத்தம் வருவதும் ஆகவில்லை. அதனால் அவருடைய வேட்டிகளையே கிழித்து, நாலு மடிப்பாகத் தைத்து, உள்ளே வைத்துக் கட்டுகிறாள். பீரோ நிறைய வேட்டி இருக்கிறதே, இனிமேல் எதற்கு? கிழித்த துணிதானே என்று அவள் அதை அலட்சியமாக விட்டதில்லை. வெந்நீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, நீலம் முக்கி, வடிகஞ்சியில் அலசிக் காயப்போட்டு, ஒவ்வொன்றையும் தேய்த்து அடுக்குவாள். அவர் இடுப்பில் அதைக் கட்டும்போது மொட் என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு அவர் முகத்தில் ஏதோ ஒன்று, ஒரு வினாடி, பழைய இடத்துக்குப் போய்விட்டு வரும்.

நேரமாகிறது. வீட்டை வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறாள், டி.வி.யைப் போட்டுவிட்டு, ரிமோட்டை இடது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு. கரண்ட் போனால் டி.வி. நின்றுவிடும், காற்றாடி நின்றுவிடும், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஈரமாகியிருக்குமோ? ஆகியிருந்தால் எத்தனை நேரமாக? ஈரம் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், இட்லித் துணியில் ஒட்டின மாவு மாதிரி தோல் துணியோடு வந்துவிடுவது போல் அவளுக்கு ஒரு கனவு வந்தது. விடிகிறவரை அப்புறம் தூங்கவில்லை. மஞ்சள் டியூபை எடுத்தாள். போன மாசம் இதுதான். வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், சுண்ணாம்பு மாதிரி அப்பிக்கொள்ளும். அதன்மேல் ஈரம் நிற்காது என்று மைதிலி சொன்னாள். ஈரம் நிற்காவிட்டாலும் கிரீமே பிசுபிசுக்கிறதே என்று அவள் பவுடரைத் தூவினாள். பவுடரும் கிரீமும் சேர்ந்து இடுக்கில் களியாகிவிட்டது. களியைத் துடைக்கத் துடைக்க அவர் பல்லைக் கடித்தார். நீல டப்பாவை எடுத்தாள். இது அதற்கு முந்தின மாசம். மூடியைத் திறந்தால் ரோஜாப்பூ வாசம், திருமண மண்டபம் மாதிரி. அந்த வாசத்துக்கே அவர் முகத்தைச் சுளித்தார். வாசம் இல்லாதது நல்லது என்று யாரோ சொன்னார்கள், யார்? பஸ்ஸில் ஒரு பெண் சொன்னாள், பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். பேத்திக்கு என்றதும், உங்க பேத்தியக் கூட்டிவரலீங்களா என்று கேட்டாள். அம்மாகிட்டத் தூங்குது என்று சொன்னாள் பாவாத்தாள். சொன்னபோது நிஜமாகவே வீட்டுக்குள் ஒரு தொட்டில் ஆடுவது தெரிந்தது. உத்தரத்தில் கட்டிய பச்சைச் சேலைத் தொட்டில். அதற்குள் ஒரு கனம். தலைமுழுகி வாசலில் முடி உலர்த்துகிற ஒரு பெண், முதுகு மட்டும் தெரிகிறது, திரும்பவே மாட்டேன் என்கிறாள். திரும்பினால் யார் மாதிரி இருப்பாள்? பஸ் ஏறும்போதெல்லாம் அந்தத் தொட்டிலும் கூடவே வருகிறது. இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கும்போது, திறக்கிற அந்த நொடி வரைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது. இது பைத்தியத்தில் சேர்த்தியா? ஊரார் பிள்ளையைத் திருடினால் பாவம். இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டால் யாருக்கு நட்டம்? ரோஸ் டப்பாவை எடுத்தாள். தோளில் சாய்ந்த குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. இதையே வாங்கிக்கொண்டு போய்விடலாம். மூக்குகூடக் கொஞ்சம் பெரிசாகத்தான் இருக்கிறது.

"அதக் குடுக்க மாட்டனுங்கக்கா" என்றாள் மைதிலி. பெரியம்மா போய்விட்டிருந்தாள், கடையில் வேறு யாரும் இல்லை. மைதிலி டப்பாவைப் பிடுங்கவில்லை, தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள். "மூணு தடவ மாத்திக் குடுத்தாச்சு. பச்சப்புள்ளைக்கு இத்தன நாளா ஆறாம இருந்தா அது கிரீம்ல தீர்ற சமாச்சாரமில்ல. படையா இருக்கும், வேற என்னமோ இருக்கும். கண்ணால பாக்காம நான் எதையாச்சும் குடுத்து, அது பொங்கிப்போச்சுன்னா? மேல மாடியிலயே புள்ளைங்க டாக்டரு இருக்கறாரு. நாளைக்குப் பாப்பாவக் கொண்டாங்க." "கொண்டார முடியாது கண்ணு." "ஏனுங்க, மாப்பிள்ள வூட்டுல ஏதாச்சும் சொல்லுவாங்களா?" "அதில்ல." "பின்ன? துணியில சுத்தித் தூக்கிட்டு வந்தா முடிஞ்சுது. நாலு மாசப் புள்ள என்ன கனம் இருக்கப்போவுது? அஞ்சு கிலோ, ஆறு கிலோ?" பாவாத்தாள் டப்பாவைப் பார்த்தாள். குழந்தை சிரித்துக்கொண்டேயிருந்தது. ஏழு என்று சொல்ல வாயைத் திறந்தாள், பொண்ணு கொஞ்சம் புஷ்டி என்று சேர்த்துச் சொல்லலாம் என்றுகூட நினைத்தாள். அந்த ஒரு ரூபாய் அகலச் சிவப்பு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, யோசித்து யோசித்து வெளுக்கிறது. "எழுவது கிலோ இருப்பாரு" என்றாள்.

மைதிலி காதிலிருந்த பேனாவை எடுத்தாள், மறுபடி காதிலேயே வைத்தாள். பாவாத்தாள் கீழே பார்த்துக்கொண்டு, இங்கே வந்தது இதுதான் கடைசி, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது, மூலனூர் பக்கம் ஏதாவது கடை இருக்கும், அங்கே முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அங்கே பேரன் என்று சொல்லலாம் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். மைதிலி கல்லாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். "உக்காருங்கக்கா. வூட்டுக்காரருங்களா?" "ஆமாங் கண்ணு." "எத்தன நாளா படுக்கையில?" சொன்னாள். "தோலு உடைஞ்சிருக்குதுங்களா, செவந்து மட்டுந்தானா?" சொன்னாள். முதுகின் கீழே இருப்பதையும் சொன்னாள். பெருவிரலால் அமுக்குவதைச் சொன்னாள். வார்த்தைகள் மலையிலிருந்து இறங்குகிற ஆடுகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன, தள்ளிவிட்டது யார் என்று தெரியவில்லை. "டயப்பரு நேரா ஒடம்புல படுதுங்களா?" "இல்ல கண்ணு, அது அவருக்கு ஆகாது. உள்ளுக்குத் துணி வெச்சுத்தான்." "என்ன துணி?" "வேட்டித்துணிதான். நல்ல மல்லு வேட்டி. சும்மா இல்ல, வெந்நீர்ல ஊறவெச்சு, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, தேச்சு…" "கஞ்சியா?" "அவரு கஞ்சி போடாத வேட்டியக் கட்டுனதே இல்லையே கண்ணு." பாவாத்தாளுக்கு, கஞ்சி போட்ட துணியின் ஓரம் அவளுடைய கையிலேயே, இந்தப் பெருவிரலிலேயே, தேய்த்து அடுக்கும்போது ஒரு தடவை கீறி ரத்தம் வந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு அடுத்த துணியை எடுத்தாள். "நனைஞ்சா அது பசை கண்ணு" என்றாள் தனக்குத்தானே. "காஞ்சா அருவா." "கைக்கொழந்தைத் துணிக்கு யாரும் கஞ்சி போட மாட்டாங்கல்லங்கக்கா, அதான் நான் கேக்கவே இல்ல" என்றாள் மைதிலி, ஏதோ தன்மேல் குற்றம் மாதிரி.

அப்புறம் மைதிலி சொன்னதெல்லாம் அவளுக்குள் போய் வரிசையில்லாமல் உட்கார்ந்தது. கஞ்சி வேண்டாம், நீலம் வேண்டாம், சோப்பு துளியும் நிற்காமல் அலசுங்க. பவுடரைத் தூக்கிப் போடுங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. மஞ்சள் டியூபே போதும், அப்பிவெக்க வேண்டாம், தோலு தெரியற அளவுக்கு மெல்லிசா. அந்த முதுகுச் செவப்புக்கு இது மருந்தில்ல, ஒரே பக்கமாப் படுக்க வெக்காம திருப்பித் திருப்பி விடுங்க, நர்ஸம்மாகிட்ட அவரு மொறச்சாலும் சரி, பல்லக் கடிச்சாலும் சரி, கட்டாயம் காட்டோணும். எல்லாத்துக்கும் மேல காத்து. பகல்ல கொஞ்ச நேரமாச்சும் ஒண்ணும் கட்டாம, காத்தாடக் கெடக்கட்டும். வாசலைத் தாண்டும்போது மைதிலி அவளைக் கூப்பிட்டு ஏதோ கேட்க வந்து, கேட்கவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றியாகத்தான் இருக்கும். கேட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு பாவாத்தாளுக்கு இருந்தது. ஜன்னலோரம் கிடைத்தது. ஒரு கடைக்காரிக்காவது அந்தக் குழந்தை இருந்தது, இன்றோடு அதுவும் போயிற்று. துணியில் சுத்தித் தூக்கிட்டு வந்தா முடிஞ்சுது. அமராவதிப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே தண்ணீர் பாறைக்கும் மணலுக்கும் நடுவில் மெல்லிசாக, அப்பாமல், பூசின மாதிரி போய்க்கொண்டிருந்தது. கஞ்சி இல்லாத துணியைக் கட்டினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். மொட் என்ற சத்தம் வராது. என்ன அம்மிணி என்று கண்ணாலேயே கேட்பார். என்ன சொல்வது? அரிசி மாறிப்போச்சுங்க மாமா, இந்த அரிசிக்குக் கஞ்சி நிற்க மாட்டேங்குது என்று சொல்லலாம். மழை வர்றாப்பல இருந்துச்சு, தேய்க்கலை என்று சொல்லலாம். சொல்லச் சொல்ல இன்னும் நல்ல நல்ல பொய்யாக வந்துகொண்டேயிருந்தது, இத்தனை மாசப் பழக்கம். நானேதான் உங்களை அறுத்துட்டிருந்தேன் என்பதை மட்டும் எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் சொல்ல வரவில்லை. நெல்வயலும் தென்னையும் வந்தன, போயின. எப்போதும் கூடவே வருகிற தொட்டில், இறங்கும் இடம் வந்தும், எங்கேயும் காணோம்.

கதவைத் திறந்தபோது கரண்ட் இருந்தது, காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் டி.வி.யைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரமாகத்தான் இருந்தது. அவள் தாழ்ப்பாளைப் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், கையைக் கழுவிக்கொண்டு வந்து துணியை அவிழ்த்தாள். அவிழ்க்கும்போது அதன் ஓரத்தைப் பார்த்தாள். ஈரத் துணியால் ஒத்தி ஒத்தி எடுத்தாள், அவரைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துத் திருப்பினாள், மஞ்சள் டியூபிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி மெல்லிசாகத் தடவினாள். அதற்குமேல் ஒன்றும் கட்டவில்லை. இடது கை உடனே தேடிக்கொண்டு வந்தது. போர்வையின் நுனியைப் பிடித்துவிட்டது. அவள் அந்தக் கையைத் தடுக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, "மாமா, நான் கடையில சொல்லிப்போட்டேன்" என்றாள். கை நின்றது. "உங்களுக்குன்னு சொல்லிப்போட்டேன். சொல்லாம முடியலீங்க. நான் கஞ்சி போட்டதுதான் உங்கள இப்படி அறுத்திருக்குது. உங்களுக்கு நல்லாயிருக்கட்டும்னுதான் போட்டேன்." அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அது மூச்சு விட்டது. திட்டுவார், வார்த்தை வராமல் ஊ ஊ என்று கத்துவார், சுவரில் தலையை முட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "முன்ன… என்ன… சொன்ன?" என்றார். இதுநாள்வரை யாருக்கு என்று சொல்லி வாங்கினாய் என்று கேட்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. "பேத்திக்குன்னு சொன்னனுங்க" என்றாள். "பேத்தி?" "நாலு மாசமுங்க. குப்புற விழுவறா. உங்க சாடைன்னு வேற சொல்லி வெச்சிருக்கேன். மூக்கு பெருசு, கட்டிக்குடுக்கச் சேத்து ஒரு பவுன் ஆவும்னு அங்க ஒரு பெரியம்மா கேலி பேசுனாங்க." முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறி எட்டி முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் வாயின் நல்ல பக்கம் மேலே போயிருந்தது. காற்றாடிக் காற்று அவருடைய வெந்த தொடையின்மேல், முதுகின்மேல் பட்டுப் பட்டுப் போனது. போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன என்று அவள் பார்க்கவில்லை. இப்போது அந்தக் கை வெறுமனே போர்வைமேல் கிடந்தது. "மக வயத்துப் பேத்திங்களான்னு கேட்டாங்க" என்று அவள் மேலே பேசினாள், நிறுத்தினால் அந்தக் கை முழித்துக்கொள்ளும் என்கிற மாதிரி. "ஆமான்னுட்டேன். பேறுகாலத்துக்கு வந்திருக்கறா. தொட்டிலு உத்தரத்துல கட்டியிருக்குது. பச்சச் சேல." அவர் கொஞ்சம் யோசித்தார். நாக்கை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்தினார். "மகளுக்கு… பேரென்ன… அம்மிணி?" என்றார். பாவாத்தாள் வாயைத் திறந்தாள். இத்தனை மாசத்தில் அந்தப் பெண்ணுக்கு அவள் ஒரு பெயர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "நான் வெக்கலீங்க. அப்பனுக்கு உட்டு வெச்சிருக்கேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்தபடி, உதட்டை ஒரு பக்கமாக அசைத்து, ஏதோ ஒரு பெயரின் முதல் எழுத்தைத் தேட ஆரம்பித்தார். வரவில்லை. மறுபடி தேடினார். "அவசரமில்லீங்க மாமா" என்றாள் அவள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."